மூச்சும் முகமூடியும்: உறக்கச் சுவாசச் சிகிச்சை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடித்தவரின் பெயரையும் ஆண்டையும் பொறித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றுவிடுவது வழக்கம். மருந்தை விழுங்கியதும், சத்திரசிகிச்சைக் காயம் ஆறியதும் நோயாளியின் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகின்ற சிகிச்சைகளைப் பொறுத்தவரை இம்முறை பெருங்குறை உடையதன்று. ஆயின், நோயாளி உறங்கும்போது மட்டுமே பயன்தரக்கூடியதும், அதே வேளையில் அவரை உறங்கவிடாது அலைக்கழிப்பதுமான ஒரு சிகிச்சையின் வரலாற்றை அவ்வாறு எழுதிவிட முடியுமா? 'ஸ்லீப் அப்னியா' என மருத்துவர் வழங்கும் உறக்க மூச்சுத்தடை நோய்க்கு இன்று அளிக்கப்படும் காற்றமுக்கச் சிகிச்சை அத்தகையது. அதன் வரலாறு இரு கூறுகளை உடையது. கருவியின் வெற்றி ஓர் இரவில் வெளிப்பட்டது. அக்கருவியோடு உறங்க மனிதன் பழகிய வரலாறோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிறைவுபெறவில்லை. இவ்விரண்டாவது கூற்றினையே இக்கட்டுரை முதன்மையாக நோக்குகின்றது.

நோயும் அது இனங்காணப்பட்டமையும்

மேற்சுவாசப் பாதையில் தொண்டைப் பகுதிக்கு எலும்பின் காப்பு இல்லை. தசைகளின் விறைப்பே அதனைத் திறந்துவைத்திருக்கின்றது. உறக்கத்தில் அத்தசைகள் தளர, நாக்கின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் பின்னோக்கிச் சாய்கின்றன; உள்ளிழுக்கும் மூச்சின் உறிஞ்சலே பாதையை மேலும் ஒடுக்குகின்றது. ஒடுங்கிய பாதையில் எழும் அதிர்வு குறட்டையாகின்றது. பாதை முற்றாக மூடிக்கொள்ளும்போது குறட்டை நின்று அமைதி நிலவுகின்றது. வீட்டார் நிம்மதி என்று கருதும் அவ்வமைதியே ஆபத்தானது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்குகின்றது. திணறலோடு மூச்சுத் திரும்புகின்றது.

குறைந்தது 10 விநாடிகள் மூச்சு நிற்பதை ஒரு தடை எனக் கணிப்பர். மணித்தியாலத்துக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட தடைகள் கடுமையான நிலையைக் காட்டும். அவ்வாறாயின் ஏழு மணித்தியால உறக்கத்தில் இருநூறுக்கு மேற்பட்ட தடவைகள் மூச்சு நின்று திரும்புகின்றது. உறங்கியவரோ காலையில் அவற்றுள் ஒன்றையேனும் நினைவுகூர்வது அரிது. பகலில் மேலிடும் தூக்கமும் தலையிடியும் உயர் குருதியமுக்கமுமே பெரும்பாலும் சான்றாக எஞ்சுகின்றன.

இந்நோயின் சாயலை மருத்துவருக்கு முன்னரே இலக்கிய ஆசிரியர் ஒருவர் தீட்டிவிட்டார். 1836, 1837 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் நாவலில், நின்ற இடத்திலேயே உறங்கிவிடும் பருத்த சிறுவன் ஒருவனைச் சாள்ஸ் டிக்கன்ஸ் படைத்தார். 1956 இல் அமெரிக்க மருத்துவர் பர்வெலும் அவருடைய சகாக்களும், மிகுந்த உடற்பருமனும் சுவாசக் குறைவும் பகலுறக்கமும் சேர்ந்த நிலைக்கு அந்நாவலின் பெயரையே சூட்டினர். எனினும் அவர்களது கவனம் நோயாளியின் பகற்பொழுதிலேயே தங்கியிருந்தது. 1965 இல் பிரான்சில் காஸ்தோ குழுவினரும் ஜேர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் தனித்தனியே இத்தகைய நோயாளரின் உறக்கத்தைப் பதிவுசெய்தபோதுதான், இரவு முழுவதும் மூச்சு நின்று நின்று தொடர்கின்றமை தெளிவாகியது. பகலின் நோய்க்குக் காரணம் இரவில் இருந்தது.

காரணம் தெரிந்தபின் சிகிச்சையும் வந்தது. 1969 இல் கூலோவும் அவருடைய சகாக்களும் கழுத்தில் துளையிட்டு, அடைபடும் தொண்டையைத் தவிர்த்துச் சுவாசப்பைக்குக் காற்றுச் செல்ல வழிசெய்தனர். அது பயனளித்தது. ஆயினும் கழுத்தில் நிரந்தரத் துளையோடு வாழ்தல் எளிதன்று. தொற்று, பேச்சுச் சிரமம், நீராடுவதில் அச்சம் என்பன அவ்வுயிர்ப்புக்குக் கொடுத்த விலையாகும்.

சிட்னியில் ஓர் இரவு

1980 ஜூன் மாதம், சிட்னியில், கொலின் சலிவன் என்னும் மருத்துவரிடம் கழுத்துத் துளைச் சிகிச்சைக்கு உரியவரெனத் தீர்மானிக்கப்பட்ட நோயாளி ஒருவர் இருந்தார். அச்சிகிச்சையை விரும்பாத அவர் மாற்றுச் சோதனை ஒன்றுக்கு இணங்கினார். தூசுறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதச்செய்து, குழாய்வழியே அவரது மூக்கினுள் செலுத்தினார் சலிவன். அமுக்கத்தைக் கூட்டியபோது தடை அகன்றது, குறைத்தபோது மீண்டது. அன்றிரவு அந்நோயாளி நெடுநாட்களின் பின்னர் தடையின்றி உறங்கினார். நால்வர் பெயரில் 'லான்செற்' சஞ்சிகையில் 1981 ஏப்ரலில் வெளிவந்த கட்டுரை, ஐந்து நோயாளரில் இம்முறை வெற்றியளித்தமையை அறிவித்தது. அங்குப் பயன்பட்ட அமுக்கம் 4.5 முதல் 10 சென்ரிமீற்றர் நீரளவாகும். பத்துச் சென்ரிமீற்றர் என்பது வளியமுக்கத்தின் நூறிலொரு பங்களவே. சரியும் கூடாரத்துக்குக் கால் கொடுப்பது போல், தளரும் தொண்டைச் சுவருக்கு அச்சிறு அமுக்கம் முட்டுக்கொடுக்கின்றது.

இக்கருத்துக்கு முன்னோடிகள் இருந்தமையையும் வரலாற்று மாணவர் மறத்தல் ஆகாது. 1936 இலேயே இலண்டனில் போல்ரன் என்னும் மருத்துவர், இதயம் தளர்ந்து நீர்கோத்த சுவாசப்பைகளுக்கு இத்தகைய இயந்திரத்தினால் காற்றமுக்கம் அளித்திருந்தார். 1971 இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கிரெகரியும் சகாக்களும் மூச்சுத்திணறும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொடரமுக்கத்தைப் பயன்படுத்தினர். அவ்விரு நிலைகளிலும் அமுக்கம் நாடியது சுவாசப்பையை. அதே அமுக்கத்தை உறங்குவோனின் தொண்டைக்கு முட்டாக்கியமையே சலிவனின் புதுமை எனலாம்.

மானி உரைத்த உண்மை

வழமையான மருத்துவ வரலாறு இவ்விடத்தில் நிறைவெய்தும். ஆனால் நோயாளியின் வரலாறு இங்கேதான் தொடங்குகின்றது. முதற்காலத்து முகமூடிகள் ஒவ்வொருவர் மூக்கின் அச்சிலும் தனித்தனியே வார்க்கப்பட்டு, இரவுதோறும் முகத்தில் பசையால் ஒட்டப்பட்டன. இயந்திரம் இரைந்தது. மூச்சை வெளிவிடும்போது காற்று எதிர்த்து நின்றது. வாய் திறந்தால் காற்று வெளியேறி நாவும் தொண்டையும் உலர்ந்தன. முகம் மூடப்பட்டதும் சிலரை அச்சம் ஆட்கொண்டது. கழுத்துத் துளைக்கு அஞ்சியவருக்கு இவை சிறியனவாகத் தோன்றியிருக்கலாம். நோய் இன்னும் முற்றாதவர்களுக்கு அவ்வாறு தோன்ற வேண்டிய நியாயம் இல்லை.

நோயாளர் கருவியை உண்மையில் எவ்வளவு நேரம் அணிகின்றனர் என்பதை அவர்தம் வாய்மொழியே நெடுங்காலம் தீர்மானித்தது. 1993 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கருவியினுள் மானியைப் பொருத்தி 35 நோயாளரை அவதானித்தனர். நாள்தோறும் அணிவதாகக் கூறியோர் 60 வீதத்தினர். நூற்றுக்கு எழுபது நாட்களிலேனும் நான்கு மணித்தியாலம் அணிந்தோர் 46 வீதத்தினரே. அவர்கள் வேண்டுமென்றே பொய்யுரைத்தனர் எனல் பொருந்தாது. அரைத்தூக்கத்தில் முகமூடியைக் கழற்றி எறிந்த கை, காலையில் அதனை நினைவில் வைத்திருப்பதில்லை. தன் மூச்சு நின்றதை அறியாத உறக்கம், தன் மருந்தை அகற்றியதையும் அறியாதிருப்பதில் வியப்பில்லை.

1997 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு மேலும் நுட்பமான உண்மையொன்றைக் காட்டிற்று. ஒருவர் கருவியைத் தொடர்ந்து அணிவாரா, விட்டுவிட்டு அணிவாரா என்பது முதல் வாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் புலப்பட்டுவிடுகின்றது. எனவே முதற்சில இரவுகளில் நோயாளிக்குத் துணைநிற்பது சிகிச்சையின் தலையாய பகுதியாகின்றது. 2016 இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வும் ஈண்டுக் கருதத்தக்கது. இதயநோயோ மூளைக் குருதிக்குழாய் நோயோ உடைய 2717 பேரில், இக்கருவி மாரடைப்பு முதலியவற்றைக் குறைக்கவில்லை என அது முடிவுசெய்தது; பகலுறக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. ஆயின் அவர்கள் கருவியை அணிந்த சராசரி நேரம் இரவொன்றுக்கு 3.3 மணித்தியாலமே. கருவி தோற்றதா, பழக்கம் தோற்றதா என்னும் வினா அதனால் இன்றும் ஆய்வாளரிடையே எஞ்சி நிற்கின்றது.

கருவி செய்வோரும் இவ்வினாவை உணர்ந்தே செயற்பட்டனர். தாழ்ந்த அமுக்கத்தில் தொடங்கி உறக்கம் வரும்வரை மெல்ல உயர்தல், காற்றுக்குச் சூடும் ஈரமும் ஊட்டல், மூச்சை வெளிவிடுகையில் அமுக்கம் தளர்தல், மென்மையான முகமூடிகள் ஆகிய திருத்தங்கள் அனைத்தும் உறங்கவைப்பதை நோக்கமாகக் கொண்டவை. அந்நோக்கமே ஒருமுறை தீங்காகவும் முடிந்தது. இரைச்சலைத் தணிக்கவெனச் சில கருவிகளில் வைக்கப்பட்ட நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் எனக் கண்டு, பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல இலட்சம் கருவிகளைத் திரும்பப்பெற நேர்ந்தது.

கனமூலையிலிருந்து நோக்குகையில்

இந்நோய் மேலைநாட்டாருக்கே உரியதெனக் கருதுவாரும் உளர். பம்பாயில் 35 முதல் 65 வயது வரையான ஆண்களிடையே உத்வாடியாவும் சகாக்களும் நடத்தி 2004 இல் வெளியிட்ட ஆய்வு, 7.5 வீதத்தினரிடம் பகலுறக்கத்தோடு கூடிய மூச்சுத்தடையைக் கண்டது. உடற்பருமன் ஒன்றே காரணமன்று. தாடையின் அமைப்பும் வயதும் பரம்பரையும் காரணமாகலாம். எனவே நம் ஊர்களிலும் குறட்டை நகைப்புக்குரியதாக மட்டும் இருத்தல் ஆகாது.

புத்தளக் கரையோரத்துக் கனமூலையில் வாழும் என் மாமா ஒருவர் இக்கருவியை அணிபவர். அவரது மூச்சு நிற்பதை முதலில் அறிந்தவர் மருத்துவரல்லர், மாமியே. இருளில் குறட்டை நின்றதும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு விழித்திருந்தவர் அவர். கருவி வந்தபின் மூன்றாம் இரவே மாமா அதனை ஒதுக்கிவைத்தார். "மூக்குக்குள்ள காத்து அடிச்சிக்கிட்டே இருந்தா மனிசன் எப்பிடி உறங்குறது?" என்பது அவர் வாதம். பின்னர் தாதி ஒருவரின் அறிவுரைப்படி, பகலில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, முதலில் முகமூடியை மாத்திரமும், சில நாட்களின் பின் காற்றோடு சேர்த்தும் அணிந்தவாறு வானொலி கேட்கலானார். அதன்பின் பகற்றூக்கம், இறுதியிலேயே இரவு. அச்சந்தரும் பொருளைச் சிறுகச்சிறுக அணுகிப் பழகும் இம்முறை, 1950 களில் தென்னாபிரிக்க உளமருத்துவர் ஜோசப் வோல்பே வகுத்த நெறியை ஒத்ததாகும். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுந்தபின் மீண்டும் முகமூடி அணிவதே அவருக்கு இன்றும் கடினமாக இருக்கின்றது. ஆயினும் மாமி இப்போது எண்ணுவதில்லை.

இத்தகைய இல்லங்களுக்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு. அது மின்சாரமாகும். இலங்கையின் மிகப்பெரிய அனல்மின் நிலையமான நுரைச்சோலை இதே மாவட்டத்திலேயே உள்ளது. 2011 இல் முதற்பகுதி இயங்கத் தொடங்கி 2014 இல் 900 மெகாவாற்றுக் கொள்ளளவை எட்டியது. எனினும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நாடெங்கும் மின்வெட்டு நிலவியபோது, மின்நிலையத்தின் அயலூர் என்பதால் எவ்விதச் சலுகையும் கிட்டவில்லை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடிகளில், காற்று நின்றால் தானே திறக்கும் வால்வு உண்டு. ஆதலால் மூச்சுமுட்டும் அபாயம் இல்லை. ஆனால் அன்றிரவுக்கான சிகிச்சை இல்லாதுபோகின்றது. மின்கலம் வாங்க இயன்றவர் உறங்குவர். இயலாதவர் வீட்டில் மீண்டும் ஒருவர் விழித்திருந்து எண்ணத் தொடங்குவார்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, இச்சிகிச்சையின் வரலாற்றில் மூன்று சாட்சிகளை நாம் காண்கின்றோம். பகலை மட்டும் நோக்கிய மருத்துவர் இரவை அறிந்திலர். உறங்கிய நோயாளி தன்னையே அறிந்திலர். மானி வந்து மணிக்கணக்கை அறிவித்தது. ஆனால் முகமூடி ஏன் கழற்றப்பட்டது என்பதை அதனாலும் கூற இயலவில்லை. அதனைக் கூறவல்லவர் அருகில் விழித்திருந்தவரே. அவருடைய சாட்சியம் மருத்துவ ஏடுகளில் அரிதாகவே இடம்பெற்றது. ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த கண்டுபிடிப்பை எழுதிய அளவுக்கு, படுக்கையறைகளில் நிகழ்ந்த பழக்கத்தையும் எழுதுவது கலைப்பீடத்து மாணவராகிய நமக்கு உரிய பணியாகும். நம்முடைய ஊர்களில் அச்சாட்சிகள் இன்னும் உயிரோடிருக்கின்றனர், கேட்பாரையே எதிர்நோக்கியுள்ளனர்.