அருளப்பரும் யோவானும்

ஒரு மொழியின் பெயர் மற்றொரு மொழிக்குள் நுழைவதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று ஒலி, மற்றொன்று பொருள். பல மொழிகள் முதல் வாயிலோடு அமைந்துவிட்டன. தமிழ் இரண்டையும் திறந்து வைத்தது. அதனால் விளைந்த பேறு எது, இழப்பு எது என்பதை, உலகில் மிகப் பரவலாக வழங்கும் ஆண்பெயர்களுள் ஒன்றைக் கொண்டு ஆராயலாம்.

எபிரேய மொழியில் அப்பெயர் யோஹனான். வடிவில் ஒரு சொல்லாயினும் பொருளில் அது ஒரு தொடர். ‘யோ’ என்பது இசுரவேலர் வணங்கிய இறைவனது திருப்பெயரின் குறுக்கம். ‘ஹனான்’ என்பது ‘அருள் புரிந்தான்’ எனப் பொருள்படும் வினை. ‘இறைவன் அருளினான்’ என்பதே பெயரின் முழுப்பொருள். அருளைக் குறிக்கும் இவ்வேர் ஹன்னா என்னும் பெண்பெயரிலும் உண்டு. அன்னா, அன்னம்மாள் ஆகியவை அதன் வழிவந்தவை. எபிரேயத்தின் உடன்பிறப்பான பினீசிய மொழியிலும் இவ்வேர் வழங்கிற்று. கி.மு. 218இல் ஆல்ப்சு மலையைக் கடந்து உரோமையரைக் கலங்கவைத்த ஹன்னிபாலின் பெயரில் இருப்பதும் இதுவே. அங்கே அருளியவன் பாகால் என்னும் தெய்வம். தெய்வம் வேறாயினும் அருள் ஒன்றே.

கிரேக்கர் இப்பெயரைச் செவியால் ஏற்றனர். எபிரேயரின் தொண்டை ஒலி அவர்கள் நாவில் எழவில்லை. எனவே ஹகரம் மறைந்தது; ஆண்பாற் பெயர்க்குரிய சகர மெய் இறுதியில் சேர்ந்தது. யோஹனான் இயோவான்னேசு ஆனான். இலத்தீன் வழியே ஐரோப்பா முழுவதும் சென்ற அப்பெயர் இத்தாலியில் ஜொவான்னி, இசுபானியத்தில் குவான், பிரெஞ்சில் ழான், ஆங்கிலத்தில் ஜான், அயர்லாந்தில் ஷான் எனத் திரிந்தது. உருசியாவில் அது இவான். ஜானும் இவானும் ஒரே கிளையில் பூத்தவை என்று கேட்டமாத்திரத்தில் எவரும் கூறார். பெயர் பரவப் பரவப் பொருள் மங்கிற்று. இன்று ழான் என்று அழைக்கும் பிரெஞ்சுத் தாய் எவளும் அச்சொல்லில் அருளைக் கேட்பதில்லை.

அரபு மொழியில் கிறித்தவர் யூஹன்னா என்பர். திருக்குர்ஆன் இவரை யஹ்யா என்று குறிக்கின்றது. அரபு செவிக்கு அது ‘வாழ்கிறான்’ என்னும் வினையாகவே ஒலிக்கும். பழைய பொருள் போன இடத்தில் புதிய பொருள் குடியேறியது. சிரியத் திருச்சபையின் தொடர்பால் கேரளத்தில் யோஹன்னான், உலஹன்னான் என்னும் வடிவங்கள் நிலைத்தன.

தமிழுக்கு ஒலிவழி புதிதன்று. வடசொல்லை ஏற்குங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைக்குமாறு தொல்காப்பியரே நெறி வகுத்தார். அவர் காலத்தில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிக்கு முதலாயிற்று; பின்வந்த நன்னூலார் ஓகாரத்தையும் இசைந்தார். அந்த இசைவில்தான் யோவான் என்னும் வடிவம் தமிழில் முறைப்படி நிற்கின்றது. சீர்திருத்தத் திருச்சபையினர் இவ்வடிவையே கைக்கொண்டனர்.

கத்தோலிக்கர் சூசையப்பர், அந்தோணியார், சவேரியார் என ஒலிவழியிலும் சென்றனர். ஆனால் அதனோடு அமையவில்லை. பவுல் என்னும் இலத்தீன் பெயர்க்குச் ‘சிறியவன்’ என்பது பொருள். அவர் சின்னப்பர் ஆனார். கிரேக்கத்தில் ‘முடி’ எனப் பொருள்படும் பெயருடைய ஸ்தேவான் முடியப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். இம்முறைக்கு விவிலியத்திலேயே சான்று உண்டு. சீமோனுக்கு இயேசு இட்ட பெயர் ‘பாறை’ எனப் பொருள்படும் கேபா என்னும் அரமேயச் சொல். அதைப் பேதுரு என்று கிரேக்கத்தில் பெயர்த்துரைக்கும் நற்செய்தி, யோவானின் பெயரையே தாங்கியது.

1647இல் லிசுபனில் பிறந்து 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ, மறவர் நாட்டு மக்களுக்கு அருளானந்தர். அருள் என்னும் சொல்லுக்குள் அவருடைய திருமுழுக்குப் பெயர் அடங்கிக் கிடக்கின்றது. வீரமாமுனிவர் மேலும் ஓரடி முன்சென்றார். தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்றும், திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றும் பெயரிட்டார். அயற்பெயரைச் செய்யுளில் அமைக்கும்போது எதுகைக்கும் சீருக்கும் இடர் நேரும். கருணையன் என்னும் பெயர்க்கு அவ்விடர் இல்லை. அதனினும் பெரிது, அது தரும் உணர்வு. தாயை இழந்து கானகத்தில் தனித்துப் புலம்புபவன் பெயரே கருணையன் என்னுங்கால், பெயரும் அவலத்தில் பங்கு கொள்கின்றது. யோவான் என்றிருப்பின் அந்நயம் தமிழ்ச் செவிக்கு எட்டியிராது.

1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் அருளப்பர் நற்செய்தி யோவான் நற்செய்தியாயிற்று. பிரிந்திருந்தவர் ஒரே பெயரைச் சொல்லத் தொடங்கியது சிறிய பேறன்று. எனினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். யோவான் என்னும் வடிவில் இறைவன் பெயராகிய ‘யோ’ சிதையாமல் இருக்கின்றது. அருளைச் சுட்டிய பகுதியோ அடையாளம் தெரியாதவாறு தேய்ந்துவிட்டது. அருளப்பர் என்னும் வடிவில் அருள் முழுமையாக இருக்கின்றது. இறைவனின் திருப்பெயர் விடுபட்டது. மூலப்பெயரின் ஒரு பாதியை ஒன்றும், மறுபாதியை மற்றொன்றும் காத்து நிற்கின்றன.

ஆகவே இவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் களைவது, ஒரு பெயரைப் பாதியாக்குவதாகும். நற்செய்தி ஏட்டில் யோவான் நிலைபெறட்டும். ஆலயங்களிலும், அருளப்பன் என்று மகனை அழைக்கும் இல்லங்களிலும் மற்றப் பாதி வாழ்கின்றது. அதனைப் பாட்டிலும் வாழவைப்பது கவிஞர் கடன்.