பழைய கார்களில் குழந்தைகளுக்கான பின்னிருக்கை பெல்ட்

பின்னிருக்கையில் சீட் பெல்ட் இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வெளிவந்த கார்களில், குழந்தைகளுக்காகப் பின்னாளில் பெல்ட் பொருத்தும் வேலை இது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எழும்போது பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடும். உத்தர்பாடாவில் 2014 வரை தயாரான அம்பாசிடர், பம்பாயின் பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுக்கும் மூலவடிவம் 1950களின் ஐரோப்பாவில் வரையப்பட்டது. வால்வோ பொறியாளர் நீல்ஸ் போலினின் மும்முனை பெல்ட் 1959இல்தான் வந்தது. அதற்குள் அம்பாசிடர் இங்கே சாலையில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்பாசிடரின் பின்னிருக்கை திண்ணை மாதிரி. திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் ஏறி, மடியில் ஒரு குழந்தை, நடு மேட்டில் நின்றபடி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று என்று எல்லோருக்கும் இடமிருக்கும். காவிரிப் பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்க நிற்பதுதான் வசதியும்கூட. சித்திரை வீதியில் வண்டி நடை வேகத்தில்தான் நகரும். அதே கார் சமயபுரம் போக வேண்டுமென்றால் சென்னை நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றுபோனால், 20 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 280 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். எந்தப் பாட்டியின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படியான வடிவமைப்பும் இந்தப் பழைய கார்களில் இல்லை.

ஆகவே பெல்ட் வேண்டும். ஆனால் அதை எதில் மாட்டுவது என்பதில்தான் சிக்கல். அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடல் தகடே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. மும்முனை பெல்ட்டின் பிடிமானங்களைச் சோதிக்க ஐரோப்பிய விதி 13,500 நியூட்டன் விசையை, அதாவது சுமார் 1,375 கிலோ பாரத்தை, ஏற்றிப் பார்க்கிறது. வெறும் தகட்டில் துளை போட்டு வாஷர் வைத்து முடுக்கிய போல்ட் அந்த இழுப்பில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் தகட்டின் மறுபுறம், மூலைகள் மழுங்கிய, உள்ளங்கை அகல எஃகுத் தகடு ஒன்றை முட்டுக் கொடுக்கிறார்கள். போல்ட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு: 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அவசரத்துக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட்டை அங்கே திணிப்பது தவறு.

மெத்தையைத் தூக்கி, கீழேயுள்ள விரிப்பை உரித்தால்தான் உண்மை நிலை தெரியும். மழையும் கழுவலும் சேர்ந்து தின்ற துரு அங்கே ஒளிந்திருக்கும். திருப்புளி முனையால் குத்தும்போது தகடு பொடிந்தால், முதலில் டிங்கரிங் வேலை, பெல்ட் அப்புறம். துளை போடுமுன் அடியில் பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்தாக வேண்டும். தோள்பட்டை முனையைப் பின்கண்ணாடிக்கு அடியிலுள்ள பொருள்வைக்கும் பலகையில் மாட்டுவது ஆபத்து, அது மெல்லிய தகடு. பக்கத் தூண்தான் அதற்கு ஏற்ற இடம். தானாகச் சுருளும் ரீல் குறிப்பிட்ட கோணத்தில் நின்றால்தான் வேலை செய்யும். கோணம் மாறினால் பூட்டிக்கொண்டு வெளியே வராது, அல்லது பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாது.

பெல்ட் மட்டும் இருந்தால் குழந்தைக்குப் போதாது. பெரியவர் அளவுப் பட்டை குழந்தையின் கழுத்தை உரசும். கீழ்ப் பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறும். இடுப்புப் பட்டை மட்டும் போட்ட குழந்தை மோதலில் இரண்டாக மடிந்து, குடலும் முதுகெலும்பும் காயப்படலாம். குழந்தை சுமார் 135 செ.மீ. உயரம் வரும்வரை வயதுக்கேற்ற தனி இருக்கையோ பூஸ்டரோ வேண்டும். இந்தக் கார்களில் குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் பிடிமானம் இல்லாததால் தனி இருக்கையைப் பெல்ட்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங் மெத்தை அமுங்கும் என்பதால் முழங்காலால் அழுத்தியபடி பட்டையை இறுக்குவது வழக்கம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. பழைய வண்டிக்கென்று அந்த வாசகத்தில் விலக்கு எதுவும் இல்லை. 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கான 2021ஆம் ஆண்டு விண்டேஜ் விதிகளோ, உடற்கூட்டில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. துளையிடுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. விண்டேஜ் பதிவு பெற்ற காரை அன்றாடப் பயணத்துக்கு எடுக்கவும் முடியாது. பேரனைப் பள்ளியில் விடும் அம்பாசிடர் சாதாரணப் பதிவிலேயே இருந்தாக வேண்டும். ஒப்பிட்டால், பிரிட்டனில் பெல்ட் இல்லாத பழைய காரில் 3 வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றவே கூடாது. அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பின்னிருக்கை மட்டும்தான்.

நடு இடத்தில் தோள்பட்டையை மாட்டத் தூண் இல்லை. பெரும்பாலும் அங்கே இடுப்புப் பட்டைதான் அமையும். எனவே குழந்தைகளுக்கு ஜன்னலோரம், பாட்டிக்கு நடு இடம்.