சாபம் யார் தலையில் விழுந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே உள்ள வினாக்களுக்கு விடை எழுதச் சொன்னால், பாதிப் பேர் பத்தியைப் படிக்கவே மாட்டார்கள். வினாவில் இருக்கிற ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே இறக்கிவிடுவார்கள். "முன்வரி, பின்வரி பார்த்தியாடா?" என்று கேட்டே என் தொண்டை வற்றியது. பிள்ளைகள் செய்தால் இரண்டு மதிப்பெண் போகும். பெரியவர்கள், அதுவும் வேதம் கற்ற போதகர்கள் இதையே செய்தபோது லட்சக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கை போனது.

ஆதியாகமம் 9ஆம் அதிகாரம். வெள்ளம் வடிந்த பிறகு நோவா திராட்சைத் தோட்டம் போடுகிறார். மது அருந்தி, கூடாரத்தில் ஆடை விலகிக் கிடக்கிறார். மகன் காம் அதைப் பார்த்துவிட்டு வெளியே இருந்த சகோதரர்களிடம் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் பின்புறமாக நடந்துபோய்த் தகப்பனைப் போர்த்துகிறார்கள். போதை தெளிந்த நோவா சாபம் இடுகிறார். பல நூற்றாண்டுகளாக இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்: காம் சபிக்கப்பட்டான், ஆப்பிரிக்கர்கள் காமின் சந்ததி, ஆகவே கறுப்பர்கள் அடிமைகளாக இருப்பது கடவுள் சித்தம்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இது சாதாரணமாகப் பிரசங்கிக்கப்பட்டது. அந்த மாநிலங்கள் பிரிந்துபோய் அமைத்த அரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியபோதும் இந்தச் சாபத்தைத் துணைக்கு அழைத்தார். அப்போது அந்த நாட்டில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகள்.

இப்போது பத்தியை ஒழுங்காகப் படிப்போம். சாபம் இட்டது யார்? நோவா. கடவுள் அல்ல. அந்தக் கதையில் கடவுள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யாரைச் சபித்தார்? காமை அல்ல, காமின் மகன் கானானை! தோலின் நிறம் பற்றி ஏதாவது இருக்கிறதா? எங்கும் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் 10ஆம் அதிகாரத்தில் காமின் பிள்ளைகள் நான்கு பேர்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். கூஷ் என்பது எகிப்துக்குத் தெற்கே உள்ள நாடு, மிஸ்ராயீம் எகிப்து. அதாவது ஆப்பிரிக்காவோடு தொடர்புள்ள பிள்ளைகள் மேல் சாபமே இல்லை. கானானியரின் எல்லையையும் அதே அதிகாரம் சொல்கிறது: சீதோன், காசா பக்கம். அது ஆசியா. ஒரே ஒரு அதிகாரம் தள்ளிப் படித்திருந்தால் போதும், வாதம் முழுவதும் சரிந்திருக்கும். படிக்கத் தெரியாமலா விட்டார்கள்? பருத்தித் தோட்டத்து வருமானம் படிக்க விடவில்லை என்பது என் எண்ணம்.

1850இல் தப்பியோடிய அடிமைகள் பற்றிய சட்டம் வந்தது. ஓடி வந்தவருக்கு இடம் கொடுத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. போதகர்கள் சிலர் பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார்கள். ஓடிவந்த ஒநேசிமுவைப் பவுலே எஜமானிடம் திருப்பி அனுப்பினாரே என்றார்கள். அனுப்பினார்தான். ஆனால் இனி அடிமையாக அல்ல, அன்பான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று அதே கடிதத்தில் கேட்கிறார். அந்தப் பாதியை வாசிக்கவில்லை. உபாகமம் 23ஆம் அதிகாரம், தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்கக் கூடாது என்று நேரடியாகவே கட்டளையிடுகிறது. யாத்திராகமம் 21:16, மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை என்கிறது. அடிமை ஒழிப்புக்காரர்கள் இவற்றை எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நியாயமாகச் சொன்னால், அடிமை வைத்திருப்பதை ஒழுங்குபடுத்தும் வசனங்களும் அதே நூலில் உண்டு. எதிர்த்தரப்புக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். எந்தக் காலத்தில், யாருக்கு, எதற்காக எழுதப்பட்டது என்ற கேள்வியைக் கேட்காமல் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

இதைவிட வெளிப்படையான வேலை ஒன்று 1807இல் லண்டனில் நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியும் புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய பாதியும் அதில் கிடையாது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருக்கும். மோசே ஜனங்களை எகிப்திலிருந்து விடுவித்த கதை இருக்காது. அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனம் இருக்கும். கிறிஸ்துவுக்குள் அடிமை, சுயாதீனன் என்ற பேதம் இல்லை என்னும் கலாத்தியர் வசனம் இருக்காது. ஒரு வகையில் இவர்கள் நேர்மையானவர்கள். மற்றவர்கள் மனதுக்குள் வெட்டியதை இவர்கள் கத்தரிக்கோலால் வெட்டினார்கள்!

ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பினப் போதகரின் பாட்டி அடிமையாக வாழ்ந்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஃபுளோரிடாவில் சிறுவன் தர்மன்தான் பாட்டிக்கு வேதம் வாசித்துக் காட்டுவான். ஆனால் பவுலின் கடிதங்களை மட்டும் பாட்டி வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13க்கு மட்டும் எப்போதாவது அனுமதி. பெரியவனான பிறகு தர்மன் காரணம் கேட்டார். எஜமானின் போதகர் வருஷத்தில் மூன்று நான்கு தடவை கீழ்ப்படியச் சொல்லும் அந்த வசனத்தையே வைத்துப் பிரசங்கம் செய்வாராம். விடுதலை கிடைத்து, வாசிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியை மட்டும் வாசிக்கமாட்டேன் என்று அன்றே தீர்மானித்ததாகப் பாட்டி சொன்னார்.

இதே தர்மன் 1935இல் கொழும்பு சட்டக் கல்லூரியில் பேச வந்தார். கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது கல்லூரி முதல்வர் கேட்டாராம்: உங்கள் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், அதை வேதத்தைக் காட்டி நியாயப்படுத்தியவர்களும் கிறிஸ்தவர்கள், நீங்கள் அந்த மதத்துக்காகப் பேச எப்படி இங்கே வந்தீர்கள்? அந்தக் கேள்வியை அவரால் மறக்கவே முடியவில்லை. 1949இல் வெளிவந்த தம் புத்தகத்தை அந்தக் காப்பி மேசையை நினைவுகூர்ந்துதான் தொடங்குகிறார். பாட்டியின் கதையும் அதிலேயே இருக்கிறது.