சமமாக உட்கார ஓர் இடம்



நினைவுப் பேருரை என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மதுக்கூடத்தின் வரலாறு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் கூடிய மதுக்கூடம் அது. அவர்களோடு நமக்குள்ள உறவு பழையது. 1873இல் ஜோதிராவ் புலே தமது 'குலாம்கிரி' நூலை அமெரிக்க அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

அதே நியூ ஆர்லியன்ஸில்தான் 1892இல் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, வெள்ளையருக்கு ஒதுக்கிய ரயில் பெட்டியில் ஏறி அமர்ந்து கைதானார். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்றது அத்தீர்ப்பு. பள்ளி, உணவகம், தண்ணீர்க் குழாய் என எல்லாமே இரண்டாக நின்றன. இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெளியூர் போகும் கறுப்பினத்தவருக்குப் படுக்க இடமும் பசிக்குச் சோறும் கிடைப்பதே பாடாக இருந்தது. 1936இல் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால் ஊழியர் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிடத் தொடங்கினார். அவமானப்படாமல் நுழையக்கூடிய விடுதிகள், சவரக்கடைகள், மதுக்கூடங்கள் அதில் ஊர்வாரியாக இடம்பெற்றன. உயிருக்கும் மானத்துக்கும் காவலாக ஒரு முகவரிப் பட்டியல் தேவைப்பட்ட காலம் அது.

1939இல் பிராங்க் பெய்னியா லாசால் தெருவில் கடை வைத்தார். அவர் சவரத் தொழிலாளி. சவரக்கடையோடு மதுக்கூடமும், பிறகு உணவகமும், தங்கும் அறைகளும், ஆட்ட பாட்ட அரங்கும் சேர்ந்தன. அதுதான் 'டியூ டிராப் இன்'. ரே சார்லஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றோர் அங்கே பாடினார்கள். ஊர் ஊராகச் சென்ற இசைக்கலைஞர்களுக்கு மேடையும் சோறும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. பெண்ணுடையில் மேடையேறிய பாட்ஸி விடாலியா பல ஆண்டுகள் நிகழ்ச்சிகளைத் தொகுத்து நடத்தினார். வெளியே இழிவுசெய்யப்பட்ட பலருக்கும் உள்ளே மரியாதை இருந்தது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1952இல் வெள்ளை நடிகர் சக்கரி ஸ்காட் நண்பர்களோடு அங்கே வந்தபோது காவலர்கள் நுழைந்து அவரையும் பெய்னியாவையும் கைது செய்தனர். இரு நிறத்தாரும் 'கலந்திருந்தார்கள்' என்பதே குற்றம். 1964இல் பெய்னியா அந்தப் பிரிவினைச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் குடியுரிமைகள் சட்டம் நிறைவேறியது.

இங்கேதான் வரலாறு சிக்கலாகிறது. கதவுகள் திறந்ததும் மக்கள் நகரின் மற்ற இடங்களுக்கும் போகலாயினர். கலைஞர்களுக்கும் வேறு மேடைகள் கிடைத்தன. டியூ டிராப் இன் மெல்ல ஒளி இழந்தது. பெய்னியா 1972இல் மறைந்தார். 2005இல் கத்ரீனா புயல் வெள்ளம் கட்டடத்தைச் சிதைத்தது. நெடுங்காலம் பூட்டிக்கிடந்த அது புதுப்பிக்கப்பட்டு 2024இல் விடுதியாகவும் அரங்காகவும் மறுபடி திறந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கட்டடத்தைப் பூசி நிமிர்த்திவிடலாம். அங்கே உட்கார்ந்தவர்களின் பேச்சை அப்படி மீட்க முடியாது. அதைக் காப்பாற்றியவர்கள் அந்த மக்களே. அவர்களின் 'லூசியானா வீக்லி' இதழ் எழுதிய செய்திகளும், கலைஞர்கள் சொல்லிச்சென்ற அனுபவங்களும் இல்லையென்றால் இன்று நின்றிருப்பது வெறும் சுவர்தான்.

குடிக்கும் இடத்தைப் போற்றலாமா என்று தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1956இல் நாகபுரியில் அம்பேத்கர் மக்களுக்கு வழங்கிய 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. குடியால் கூலியை இழந்த வீடுகளையும் அடிபட்ட தாய்மாரையும் நாம் அறிவோம். நாம் போற்றுவது மதுவை அல்ல. மற்ற எல்லா இடங்களிலும் எழுந்து நிற்கச் சொன்ன சமூகத்தில் உட்கார ஒரு நாற்காலி கொடுத்த இடத்தை. அந்த இடத்தின் வரலாற்றை எழுதும்போது குடியின் காயத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். மறைத்து எழுதினால் அது விளம்பரமாகிவிடும்.

நம் சேரிகளிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. ஒரே குவளையில் தேநீர் கொடுத்த கடை, இரவுப் பள்ளி நடந்த திண்ணை, செய்தித்தாளை உரக்க வாசித்த படிப்பகம், முடிதிருத்தும் கடையின் மரப்பலகை. இவை அரசு ஆவணங்களில் ஏறுவது அரிது. மாணவர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். கடையை யார் நடத்தினார், யார் சமைத்தார், யார் கடன் சொன்னார், பெண்கள் உள்ளே வர முடிந்ததா, உள்ளே விடப்படாதவர் யார் என்று கேளுங்கள். பழைய புகைப்படத்தின் பின்னால் அதில் இருப்போர் பெயரை எழுதி வையுங்கள். சொன்னவருக்கும் ஒரு படி கொடுங்கள். அது அவருடைய சொத்து.

அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. நாம் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.