நாய்களுக்கு அனுமதி உண்டு

பாலா என்ற பெயரைச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். யாரோ சித்தப்பா வீட்டுக்குப் போவதுபோல இருந்தது. வட வேல்ஸின் மலைகளுக்கு நடுவே, டெகிட் ஏரியின் ஒரு முனையில் இருக்கும் சிறிய சந்தை நகரம் அது. நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் வரலாறு அல்ல, எங்கள் நாய். பதினொரு வயதாகிவிட்ட அதைக் காப்பகத்தில் விட்டுப்போக மனைவிக்கு மனம் வரவில்லை. தேடிப் பார்த்த கொட்டேஜ்களில் 'நாய்களுக்கு அனுமதி உண்டு' என்று எழுதியிருந்ததும், எங்களுக்குக் கட்டுபடியான வாடகையில் இருந்ததும் அது ஒன்றுதான்.

என் மாமா அறுபதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்குப் படிக்க வந்தவர். வாடகைக்கு அறை தேடி அலைந்த கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கறுப்பருக்கு இடமில்லை, நாய்க்கு இடமில்லை என்ற அறிவிப்புகள் அந்தக் கதையில் கட்டாயம் வரும். 1965இல் வந்த முதல் இனத்தொடர்புச் சட்டம் உணவகம், தங்குவிடுதி போன்ற பொது இடங்களைத்தான் முக்கியமாகக் கவனித்தது. வீடு வாடகைக்கு விடுவதில் நிறம் பார்ப்பதைத் தடுக்க 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாயோடு விடுமுறைக்குப் போகிறோம் என்று சொன்னபோது மாமா, "இப்ப நாய்க்கும் இடம் குடுக்கிறாங்களோ?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

கல் சுவரும் சிலேட் ஓடும் கொண்ட வீடு. வாசலில் நாய்க்குத் தண்ணீர்ச் சட்டி, கால் துடைக்கப் பழைய துவாய். மேசையில் ஒரு கோப்பு, அதில் வேல்ஷ் மொழியில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமுமாக விதிகள். முதல் விதி செம்மறிகளைப் பற்றியது. நாயை வாரில்லாமல் வயலில் விடக்கூடாது. இது வீட்டுக்காரரின் விருப்பம் மட்டுமல்ல. கால்நடைகளை நாய்களிடமிருந்து காக்க 1953இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. மந்தையைக் கலைக்கும் நாயை வேறு வழியில்லாதபோது விவசாயி சுட்டால், 1971ஆம் ஆண்டின் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தரும். எங்கள் கிழட்டு நாய் செம்மறியைக் கண்டு பயந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்தது என்பது வேறு கதை.

மந்தை நாய்களின் ஊர் அது என்பது போன பிறகுதான் தெரிந்தது. 1873 ஒக்டோபர் 9ஆம் திகதி, பிரித்தானியாவின் முதலாவது மந்தை நாய்ப் போட்டி பாலாவில் நடந்தது. நடத்தியவர் ரிவ்லாஸ் பண்ணையின் நிலக்கிழார் லொயிட் பிரைஸ். பத்து நாய்கள் போட்டியிட்டன. வென்றது ட்வீட் என்ற நாய். அதன் சொந்தக்காரர் தொம்சன், வேல்ஸில் குடியேறியிருந்த ஸ்கொட்லாந்துக்காரர். சொந்த மண்ணில் நடந்த முதல் போட்டியிலேயே பரிசை வந்தேறி ஒருவர் தட்டிக்கொண்டு போனார். பின்னாளில் பிபிசி தொலைக்காட்சியில் 1976 முதல் லட்சக்கணக்கானோர் பார்த்த அந்த விளையாட்டின் தொடக்கம் இங்கேதான். லொயிட் பிரைஸ் சுவாரசியமான மனிதர். பெண்டிகோ என்ற பந்தயக் குதிரையின் மேல் பணம் கட்டி, வென்ற காசில் குடும்பக் கல்லறையைக் கட்டினார். அந்தக் குதிரைக்குக் கல்லறை வாசலிலேயே நன்றியும் எழுதி வைத்தார்.

நிலக்கிழார்களின் வேடிக்கையை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. அவர் பட்டத்துக்கு வருவதற்கு முன், 1859ஆம் ஆண்டுத் தேர்தலில் பண்ணைக்காரர் சொன்ன ஆளுக்கு வாக்களிக்காத குத்தகைக்காரர்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ரிவ்லாஸிலும் அது நடந்தது, பக்கத்துப் பெரிய பண்ணையிலும் நடந்தது. இரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது. அதுவரை யார் யாருக்கு வாக்களித்தார் என்பது ஊருக்கே தெரியும். வெளியேற்றப்பட்டவர்களில் மைக்கேல் டி. ஜோன்ஸ் என்பவரின் தாயும் ஒருவர். பாலாவில் இறையியல் கல்லூரியின் தலைவராக இருந்தவர் அவர். ஆங்கிலம் தீண்டாத இடத்தில் வேல்ஷ் பேசும் ஒரு குடியிருப்பை உருவாக்க வேண்டும் என்று பிடிவாதமாக உழைத்தார். 1865இல் மிமோசா என்ற கப்பல் ஏறத்தாழ 150 பேருடன் லிவர்ப்பூலிலிருந்து புறப்பட்டு, இரண்டு மாதங்களில் பட்டகோனியாவை அடைந்தது. ஆர்ஜென்டீனாவின் அந்த வறண்ட மூலையில் இன்றும் வேல்ஷ் பேசுவோர் இருக்கிறார்கள். நூற்றைம்பது வருடம் தாண்டியும் பேசுகிறார்கள் என்பதை ரொறன்ரோவிலும் லண்டனிலும் தமிழ்ப் பள்ளி நடத்துவோர் குறித்துக்கொள்ளலாம்.

பாலாவில் பத்தில் ஏழு பேர் அளவில் வேல்ஷ் பேசுகிறார்கள். பேக்கரியில், சந்தையில், பெற்றோல் நிலையத்தில் காதில் விழுவது அதுதான். நாயை நடத்திக்கொண்டு போன இடத்தில் ஒரு விவசாயி மகனிடம் வேல்ஷிலும் மந்தை நாயிடம் ஆங்கிலத்திலும் பேசுவதைக் கேட்டேன். வேல்ஷ் வீடுகளில் இது வழக்கம்தானாம். எனக்கு அது வினோதமாகப் படவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ஆங்கிலத்தில் தெரிந்த சொற்கள் நான்கைந்து. அவை எல்லாவற்றையும் நாயிடம் மட்டும்தான் பேசினார்.

ஒரு பகல் பெத்கெலெர்ட் என்ற கிராமத்துக்குப் போனோம். குழந்தையை ஓநாயிடமிருந்து காப்பாற்றிய நாயை, அதன் வாயில் இரத்தத்தைக் கண்ட இளவரசன் அவசரப்பட்டுக் கொன்றான் என்பது கதை. நாயின் சமாதியைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியாபாரம் பெருக வேண்டும் என்று ஒரு விடுதிக்காரர் செய்த ஏற்பாடு அது என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. கதை நமக்கும் தெரிந்ததுதான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் உதவுகிறான். அங்கே பாம்பும் கீரியும், இங்கே ஓநாயும் நாயும்.

திரும்பும் வழியில் கெலின் ஏரியில் நிறுத்தினோம். பாலாவிலிருந்து சில மைல்தான். அழகான நீர்ப்பரப்பு. அதன் அடியில் கப்பெல் கெலின் என்ற கிராமம் இருக்கிறது. லிவர்ப்பூல் மாநகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. 1956இல் ஊரார் குழந்தைகளோடு லிவர்ப்பூலுக்குப் போய்த் தெருவில் ஊர்வலம் நடத்தியும் பயனில்லை. பள்ளி, தபாலகம், வழிபாட்டு மனை, வீடுகள் எல்லாம் போயின. சில உடல்களைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள். மற்றவை கொங்கிரீட்டுக்கு அடியில் இருக்கின்றன. 1965இல் அணை திறக்கப்பட்டது. லிவர்ப்பூல் மன்னிப்புக் கேட்டது 2005இல்.

எங்கள் குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியது. போகமுடியாத எங்கள் கரையில் பிறகு உல்லாசப் பயணிகள் தங்கும் கட்டடம் எழுந்ததைப் படத்தில்தான் பார்த்தோம். அதனால் அணைக்கரையில் நின்றபோது எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. 1979 டிசம்பரிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம்வரை வேல்ஸில் இருநூறுக்கும் மேற்பட்ட விடுமுறை வீடுகள் தீக்கிரையாயின. மைபியோன் கிளின்டூர் என்ற இரகசிய இயக்கம் உரிமை கோரியது. ஆங்கிலேயர் விடுமுறைக்கென வீடுகளை வாங்கியதால் விலை ஏறி, ஊர்ப் பிள்ளைகள் ஊரில் வாழ முடியாமல் போயிற்று என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. தீ வைப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு பொய் அல்ல. இரவு குளிர்காய்ந்த அந்தக் கணப்பு முன்பு யாருடையது என்று நானும் யோசித்தேன்.

திறப்பைக் கொடுக்கும்போது வீட்டுக்கார அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அது அவருடைய பாட்டியின் வீடு. வெளியார் வீடு இல்லை. விற்காமல் வைத்திருப்பதற்காகவே வாடகைக்கு விடுகிறாராம். 2023 முதல் வேல்ஸில் ஒரு விடுமுறை வீடு வியாபாரமாகக் கணக்கிடப்பட வேண்டுமானால் வருடத்தில் 182 இரவுகளாவது வாடகைக்குப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு வரிக்குள் வரும். குவினெத் மாவட்டத்தில் இரண்டாம் வீட்டுக்கு அந்த வரியின் மேல் 150 சதவீதம் கூடுதல். வெளியாருக்காகப் போட்ட விதி அவரையும் பிடித்துக்கொண்டது. கோடையில் ஆட்கள் தாமாக வருவார்கள். நவம்பர் மழையில் யார் வருவார்கள்?

"நாய் வைத்திருப்பவர்கள்தான்" என்றார் அவர். "அவர்கள் எந்த மழையிலும் நடக்கத்தானே வேண்டும்."