தோம்பும் ஊசியும் நூலும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் தலைவாயிலாக விளங்கும் வவுனியா நகரிலே தொல்பொருள் நூதனசாலை ஒன்று இருக்கின்றது. கிளிநொச்சிப் பகுதியிலே கிடைத்த சுடுமண் உருவங்களும், மன்னார்ச் சுண்ணக்கல்லிலே செதுக்கப்பட்ட புத்தர் சிலைகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் களிமண்ணைப் பிசைந்து உருவஞ்செய்தவனுடைய கைத்திறனை இன்றும் அங்கே காணலாம். ஆனால், அதே கிளிநொச்சியிலே 2008ஆம் ஆண்டில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வீடு எவ்வாறிருந்தது என்று அறிய விரும்புவோர், அதனை அங்கே தேடிப் பயனில்லை. தொல்பொருட்களுக்கென எழுந்த நிலையத்தில் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. அந்த வேலையைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டவர்கள் நம்காலத்து ஓவியர்கள்.

வன்னி மக்கள் இழந்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் அது நீளும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தவர்களிற் பெருந்தொகையினர் பின்னர் வன்னியிலே தங்கினர். 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானது; 1998இல் புலிகளின் கைக்கு மீண்டது; 2009ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி மறுபடியும் கைமாறியது. ஒவ்வொரு முறையும் வீடுகளே முதலில் விழுந்தன. அந்த ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபொழுது, முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு மீண்டவர்களில் மிகப் பலர் வவுனியாவின் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தனர். அங்கிருந்த மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது 2012ஆம் ஆண்டிலேயாம்.

இத்தகைய காலத்திலேதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன் வடபுலத்தில் இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் சந்தித்து, இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். தோம்பு என்பது போர்த்துக்கேயர் காலந்தொட்டு வழங்கிய சொல். இன்னாருக்கு இன்ன நிலம் என்று ஒல்லாந்தர் எழுதிவைத்த ஏட்டுக்கும் அதுவே பெயர். 2011ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த தமது தொகுப்புக்கு, முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருள்படவே அவர் பெயரிட்டார். வீட்டுக்குரியவர் வரைந்த கோணலான கோடுகள், அவற்றைக் கட்டடக்கலைஞர் அளவிட்டுத் திருத்திய படம், பின்னர் ஓவியர் வரைந்த சித்திரம் என மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதிலே வருகின்றன. இம்மூன்றிலும் முதலாவதே பார்ப்பவரின் நெஞ்சை நிறுத்துகின்றது. அரசாங்கத்தின் தோம்பு வரி வாங்குவதற்காக எழுதப்பட்டது. இதுவோ, உறுதி தொலைந்தவர்களும் உரிமையைச் சொல்லுவதற்காக வரையப்பட்டது.

கிளிநொச்சியிலே 1991ஆம் ஆண்டு பிறந்த வினோஜா தர்மலிங்கம் இன்னொரு வழியை மேற்கொண்டார். துணியும் ஊசியும் நூலுமே அவருடைய கருவிகள். போரின் இறுதி நாட்களை இளவயதிலே கண்டவர் அவர். பதுங்குகுழிகளும் சிதைந்த நிலமும், வானிலிருந்து நோக்கினாற்போல, அவருடைய தையலிலே தோன்றுகின்றன. கிழிந்ததைத் தைப்பது வீட்டுப் பெண்களின் அன்றாட வேலை. அவ்வேலையினாலேயே நிலத்தின் கிழிசலையும் காட்டலாம் என்று கண்டது சிறிய செய்தியன்று.

இத்தகைய ஆக்கங்களை மக்கள் எங்கே பார்ப்பது? இலங்கையின் நவீன, சமகாலக் கலைக்கான நூதனசாலை 2019ஆம் ஆண்டு திசெம்பரிலே கொழும்பில் திறக்கப்பட்டது. நாடு சுதந்திரம்பெற்ற 1948ஆம் ஆண்டு தொடங்கிய காலத்தை அதன் முதற்காட்சி எடுத்துக்கொண்டது. அக்காட்சிக்குப் பெயர் கொடுத்தது கவிஞர் சேரனின் கவிதை. வடக்கின் ஓவியங்களும் அங்கே இடம்பெற்றன. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் விளக்கம் எழுதப்பட்டமை பாராட்டத்தக்கது.

எனினும் கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். வயலில் நிற்பவர் ஒரு நாட் கூலியை இழந்து, இரவுப் பேருந்தேறி, தமது வீட்டின் கதையைப் பிறர் சுவரிலே பார்க்கவேண்டியிருக்கின்றது. வவுனியாவின் சுடுமண் உருவங்களுக்கு வன்னியிலேயே ஒரு கூரை கிடைத்தது. தையலுக்கும் தோம்புக்கும் அத்தகைய கூரையொன்று பரந்தனிலோ முல்லைத்தீவிலோ எழுமானால், அவற்றைப் பார்க்க முதலில் வருபவர், அந்தக் கோணலான கோடுகளில் தமது வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று தேடுபவராகவே இருப்பார்.