ஒப்பாரி: சயான், தாராவித் தமிழர் வழக்கில்

ஒப்பாரி என்பது இறந்தவரை நேருக்கு நேர் விளித்து, உறவுப் பெண்களும் அண்டை வீட்டுப் பெண்களும் வாய்மொழியாகக் கட்டிப் பாடும் இரங்கற்பாட்டு. பிலாக்கணம், புலம்பல், அழுகைப்பாட்டு என ஊருக்கொரு பெயர் உண்டு. போனவரைப் பொன்னோடும் தேரோடும் தெய்வத்தோடும் ஒப்புச் சொல்லி அழுவதால் ஒப்பாரி ஆயிற்று என்பது பரவலான விளக்கம். மும்பையின் சயான், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழரிடம், குறிப்பாகத் தாராவிக்குப் பிழைக்க வந்த நெல்லைக் குடும்பங்களிடம், இவ்வழக்கு ஊரிலிருந்து கூடவே வந்து நகரத்தின் நெருக்கடிக்கேற்ப உருமாறியிருக்கிறது. துக்கத்தைப் பாட்டால் தாங்கிக்கொள்ளும் தமிழ் மரபுக்கு ஏறத்தாழ 2000 ஆண்டு வயது. அதன் ஒரு நுனி இந்தச் சந்துகளில் இருக்கிறது.

பழைய இலக்கணம்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அழுகையை வைத்து, அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. அந்த ‘இழவு’ இன்றும் தாராவியில் ‘இழவு வீடு’, ‘இழவுக்குப் போகணும்’ என்று தேயாமல் புழங்குகிறது. காஞ்சித்திணையைப் பேசும் புறத்திணையியல் பகுதி இன்னும் நுட்பமாகப் பிரிக்கும். வழியில் கணவனை இழந்தவள் தனித்துப் புலம்புவது முதுபாலை. தலைவனோ வள்ளலோ இறந்தபின் அவனைச் சார்ந்து வாழ்ந்தவர் செயலற்று வருந்துவது கையறுநிலை. துக்கத்துக்குப் பெயர் வைக்க மனத்தைத் தேடாமல் கையைத் தேடியிருக்கிறார்கள். செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று சும்மா கிடக்கும் கையைச் சாவு வீட்டில் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் அருமை தெரியும்.

அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபின் ஔவையார், பாரி போனபின் அவன் மகளிரும் கபிலரும், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டபின் பொத்தியார் எனப் புறநானூற்றில் பாடியவர்களின் சொந்த இழப்பே பாட்டாகி நிற்கிறது. இவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தட்டுப்படும். பல பாட்டுகளில் பாடுகிறவர் தனக்குள் முனகிக்கொண்டு இருப்பதில்லை; எதிரில் எதையாவது, யாரையாவது பிடித்து நிறுத்திப் பேசுகிறார். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயில் கீரத்தனார் முல்லையிடம் பேசினார். 256ஆம் பாட்டில், சுரம் கடந்து வரும் வழியில் துணையை இழந்த ஒருத்தி குயவனைக் கூப்பிட்டு, ஈமத்தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். துக்கப்பாட்டுக்கு முதல் இலக்கணம் விளிதான் என்பது இக்கட்டுரையாளர் எண்ணம். கேட்பதற்கு ஒரு காது வேண்டும். செடியாக இருந்தாலும் போதும்.

அந்தத் தாழி வெறும் கற்பனை இல்லை. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகரும், நூற்றாண்டுத் திருப்பத்தில் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியெடுத்தவை இத்தகைய முதுமக்கள் தாழிகளே. தாராவித் தமிழரில் பெரும் பகுதியினருக்குப் பூர்வீகம் அதே நெல்லைச் சீமை. அவர்கள் வந்திறங்கிய தாராவியில் கும்பார்வாடா என்று சௌராஷ்டிரக் குயவர்களின் குடியிருப்பு இருப்பது தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பாட்டைப் படித்தவர், 90 அடிச் சாலையோரம் வெயிலில் காயும் பானை வரிசையைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

இடைக்காலமும் அச்சும்

சிலப்பதிகாரத்தில் துன்பமாலை ஒரு காதையாகவே அமைந்தது. கம்பர் பகைவன் மனைவி மண்டோதரிக்கும் புலம்ப இடம் கொடுத்தார். தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பட்டினத்தார் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்கள் ஆண்கள் வாயிலும் புகுந்தன. பெண்கள் ஒப்பாரி வைக்க, ஆண்கள் பட்டினத்தார் பாடல் சொல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கரிடம் தவக்காலத்தில் மாதாவின் வியாகுலத்தைப் பாடும் ஒப்பாரி நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டில் படித்தவர்களிடம், இறந்தவர்மேல் எழுதும் சரமகவி பெருகியது. 1879இல் ஆறுமுக நாவலர் மறைந்தபோது சி. வை. தாமோதரம்பிள்ளை பாடியது அவ்வகையில் பேர்பெற்றது. பிற்காலச் சரமகவிகளில் பெரும்பாலானவை யாப்பு பிசகாதவை, ஈரமும் இல்லாதவை. பெயரை மாற்றினால் வேறொருவருக்கும் பொருந்தும்.

ஒப்பாரி பாடிய பெண்களோ அச்சுக்குக் காத்திருக்கவில்லை. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தது 1894இல். எழுத்தறியாத பாட்டிமார் அந்த நூலைக் கண்ணால் பார்க்காமலே அதன் உத்தியை வைத்திருந்தார்கள். வாய்மொழிப் பாட்டுகள் நூலில் ஏறத் தொடங்கியது பின்னால்தான். கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’, நா. வானமாமலையின் நாட்டுப்பாடல் தொகுப்புகள் ஆகியவை வந்தபிறகே படித்தவர்கள் இதை இலக்கியம் என்று ஒப்புக்கொண்டனர்.

சயானுக்கு வந்த விதம்

மராத்தியில் ‘சீவ்’ என்றால் எல்லை. அதுவே சயான் ஆயிற்று. பம்பாய்த் தீவு முடிந்து சால்செட் தீவு தொடங்கும் இடம். 1669க்கும் 1677க்கும் இடையில் ஆங்கிலேயர் இங்கே குன்றின் மேல் கோட்டை கட்டினர். அதன் அடிவாரத்துச் சதுப்பை ஒட்டிய தாராவிக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் வந்தது. தொழிலோடு நெல்லையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும், பிறகு நாடார்களும் பிறரும் வந்தார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலக வேலைக்கு வந்த பிராமணக் குடும்பங்கள் வேறு உலகம். அங்கே சாஸ்திரிகளும் மந்திரமும் முன்னுக்கு வந்தன, பாட்டியின் பிலாக்கணம் பின்னுக்குப் போனது.

ஊரில் ஒப்பாரிக்கு இடம் தாராளம். பிணத்தை முற்றத்தில் கிடத்தி இராமுழுக்க அழலாம். ‘துட்டி கேட்க’, அதாவது துக்கம் விசாரிக்க, வரும் ஒவ்வொரு கூட்டமும் தெருமுனையிலேயே குரலெடுக்கும். வீட்டுப் பெண்கள் எழுந்து எதிர்கொண்டு, கட்டிப்பிடித்து, வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்ப்பார்கள். ஒருத்தி அடி எடுப்பாள், மற்றவர்கள் இழுவையில் சேர்ந்துகொள்வார்கள். மூச்சு வாங்கும்போது அடுத்தவள் தொடங்கிவிடுவாள். சொல்வது பெரும்பாலும் பழகிய அடிகள்தான். தேர், பல்லக்கு, தங்கக் கிண்ணி எல்லாம் எல்லோர் பாட்டிலும் வரும். ஆனால் நடுவில் ஒரு சில்லறை விவரம் விழும். செத்தவர் கடைசியாகக் கேட்ட காப்பி, தைக்கக் கொடுத்து வாங்காத சட்டை, கேட்டுத் தராமல் போன ஐம்பது ரூபாய். வட்டம் உடைந்து எல்லோரும் நிஜமாகவே அழுவது அந்த இடத்தில்தான்.

தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனையிலிருந்து, அதாவது ‘சயான் ஆஸ்பத்திரி’யிலிருந்து, உடல் வந்தால் ஆம்புலன்ஸ் சந்து முனையோடு நின்றுவிடும். அங்கிருந்து தூக்கித்தான் வர வேண்டும். வட்டம் போட இடமில்லாததால் பெண்கள் சுவரோரம் வரிசையாகவும், மாடிக்குப் போகும் இரும்பு ஏணியின் படிகளிலும் உட்காருகிறார்கள். தோளில் சாய முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். எதிர்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருப்பார். அதனால் இராமுழுக்கப் பாடியது மணிக்கணக்காகச் சுருங்கியது. பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் கிணறோ ஆறோ இல்லை; குழாயடிதான்.

இந்நகரம் பெற்றெடுத்த வகை ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரைக்கு முக்கியம். உடல் இல்லாத ஒப்பாரி. ஊரில் தாய் இறந்த செய்தி தந்தியில் வரும். மும்பையிலிருந்து நெல்லைப் பக்கம் ரயிலில் ஒன்றரை நாள் ஆகும். அதற்குள் அடக்கம் முடிந்துவிடும். புறப்பட முடியாத மகள் அறைக்குள் உட்கார்ந்து, எதிரில் யாரும் கிடத்தப்படாமலே, ‘என்னைப் பெத்தவளே’ என்று தொடங்குவாள். சந்துப் பெண்கள் வந்து சேர்வார்கள். அவர்கள் அந்தத் தாயைப் பார்த்தது கூட இல்லை. பார்க்காத தாய்க்காக எப்படி அழ முடியும் என்ற கேள்விக்கு விடை எளிது: ஒவ்வொருத்தியும் தன் தாய்க்காக அழுதாள். தந்திச் சேவை 2013இல் நின்றது. அதற்கு முன்பே கைபேசி வந்துவிட்டது, பின்னர் வீடியோ அழைப்பும் வந்தது. இப்போது ஊரில் பிணத்தின் தலைமாட்டில் யாரோ ஒரு பையன் போனைப் பிடித்து நிற்க, மகள் இங்கிருந்து பாடுகிறாள். சிக்னல் அறுந்தால் பாட்டும் அறுகிறது.

யாருக்காக அழுகை

தமிழ் ஒப்பாரியை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-தெசே 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளுடையது. பெண்கள் பிணத்தைச் சாக்காக வைத்துத் தங்கள் வாழ்க்கையின் குறைகளைச் சொல்கிறார்கள் என்பதை அவர் தமிழகக் கிராமங்களில் பார்த்து எழுதினார். மார்கரெட் டிராவிக் 1980களில் தாழ்த்தப்பட்ட பெண்களின் அழுகைப்பாட்டுகளில் சாதிக் கொடுமை பற்றிய மறைமுகப் பேச்சைக் கேட்டார். கல்யாண வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகள், சாவு வீட்டில் புருஷன் வீட்டாரைப் பேர் சொல்லாமல் திட்டிவிட்டு வருவாள். யாரும் தடுக்க முடியாது, அவள் அழுதுகொண்டுதானே இருக்கிறாள்! இதைப் போலித்தனம் என்று சிரிப்பவர்கள், துக்கம் பங்கு பிரித்துக் கொடுக்கிற பொருள் இல்லை என்பதை மறக்கிறார்கள்.

‘கூலிக்கு மாரடிப்பது’ என்ற வசைமொழிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. ஊரில் மேல்சாதி வீட்டுச் சாவுக்குப் பறையடிப்பதும் அழுவதும் சேரிக்காரர்களின் கடமையாக இருந்தது. அந்தக் கட்டாயத்தை உதறுவது தலித் இயக்கங்களின் கோரிக்கைகளில் ஒன்று. தாராவிக்கு ரயிலேறியவர்கள் பண்ணையார் வீட்டு இழவிலிருந்தும் தப்பினார்கள். இங்கே தங்கள் சாவுக்கு மட்டும் அழுதால் போதும்.

சுயமரியாதைக்காரர்கள் சடங்கையும் மாரடிப்பையும் சேர்த்தே எதிர்த்தனர். அதற்குப் பதிலாக வந்த படத்திறப்பில் பாட்டு வேறு வேஷம் போட்டது: மேடை, ஒலிபெருக்கி, இரங்கற்கவிதை. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபோது மு. கருணாநிதி பாடிய கவிதாஞ்சலி அந்த வகைக்கு உச்சம். அதுவும் அண்ணாவை விளித்தே எழுதப்பட்டது. பகுத்தறிவு மேடையும் செத்தவரிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. அண்டை மராத்தியரிடமும் இத்தகைய பாட்டு உண்டு. சயானிலிருந்து ரயிலில் மாட்டுங்கா தாண்டினால் தாதர். அம்பேத்கரின் உடல் 1956 டிசம்பர் 7 அன்று எரியூட்டப்பட்ட சைத்யபூமி அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் அவர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அங்கே ஒலிக்கும், அவரைப் பாடும் பீம்கீதங்கள் வாமன்தாதா கர்டக் போன்ற மக்கள் பாடகர்கள் வளர்த்தவை. திரிகை சுற்றும் மராத்திப் பெண்களின் ஓவிப் பாட்டுகளிலும் அந்த இழப்பு உண்டு. பக்கத்து வீட்டு மராத்திக்காரி இதைப் பாடி வளர்ந்தவள் என்பதால் தமிழ் ஒப்பாரி அவளுக்குப் புரியாத கூச்சலாகப் படுவதில்லை.

மேற்குலகம் இதே வேலையைக் காகிதத்தில் செய்தது. நண்பன் ஹாலம் 1833இல் இறந்த துக்கத்தை டென்னிசன் 17 ஆண்டு எழுதி 1850இல் நூலாக்கினார். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மனத்தை வதைத்த நிகழ்ச்சியைப் பற்றிச் சில நாட்கள் தொடர்ந்து எழுதிய மாணவர்கள் பின்னர் மருத்துவரிடம் போவது குறைந்ததைக் கண்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் நீடித்த துக்கத்தை நோய்ப்பட்டியலில் சேர்த்தபோது, பெரியவர்களுக்கு 12 மாதம் கடந்திருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. தலைத்திவசம் வரை ஓராண்டு என்ற நம் கணக்கும் அதேதான். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை என்பது நிச்சயம்.

பிற்காலம்

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றது விதி. கொரோனாவில் இறந்தவர்கள் உறையில் சுற்றப்பட்டு, வீட்டுக்கு வராமலே தகனத்துக்குப் போனார்கள். தந்திக் காலத்து உடல் இல்லாத ஒப்பாரி, ஊருக்குப் பதில் நாலு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்காகத் திரும்பி வந்தது. அப்போது தோளில் சாயவும் கூடாது.

ஈழத்தில் போருக்குப் பின் சேரன் தன் கவிதைத் தொகுப்புக்குக் ‘காடாற்று’ என்று எரியூட்டியபின் செய்யும் சடங்கின் பெயரையே வைத்தார். 2021இல் அறிவும் தீயும் பாடிய ‘என்ஜாயி எஞ்சாமி’ ஒப்பாரியின் சாயலை உலகம் ஆடும் பாட்டாக்கியது. சென்னையில் சாவு வீட்டில் பாடும் மரணகானா தனித் துறையாகவே இருக்கிறது. தாராவிச் சந்து முனைகளில் இப்போது கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள். புன்னகைக்கும் படம், தோற்றம், மறைவு, கீழே பிரிண்டிங் கடைக்காரர் கணினியில் வைத்திருக்கும் நாலு வரி. சரமகவியின் பேரன் அது. கொஞ்சம் பரிகசிக்கத் தோன்றும். ஆனால் அதிலும் ‘நீ’, ‘நீங்கள்’ என்று இறந்தவரிடமே பேச்சு நடக்கிறது.

அடி எடுக்கத் தெரிந்த பெண்கள் கிழவிகளாகிவிட்டார்கள். இங்கே பிறந்த மகள்களுக்கு இழுவையில் சேரத் தெரியும், அடுத்த அடி வராது. பதிவு செய்த ஒப்பாரியை ஸ்பீக்கரில் போடும் வீடுகள் உண்டு. கிழவி இருக்கிற வீட்டில் அதை அணைக்கச் சொல்லிவிடுவாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வண்டி சந்து முனை தாண்டும்வரை பாட்டு போகும். ஹாரன் கேட்டதும் அடி பாதியில் நிற்கும். பிறகு வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். முதல் குடத்தைத் தூக்குகிறவள், சற்று முன் உரக்கப் பாடியவளாகத்தான் பெரும்பாலும் இருப்பாள்.